வெயிலில் மழை வைத்துத் தூங்கியவர்

மலாக்கா மாநிலத்திலேயே, கொளுத்தும் வெயிலில் தினமும் மழைக்குள் தூங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘மழை அண்ணன்’தான். டுரியான் துங்காலில் நாங்கள் இருவரும் ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்திருந்தோம். அவருக்குச் சுங்கை ஊடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். தூக்கம் பகலில்.

படுக்குமுன் பழைய ஹேண்ட்போனை ஸ்பீக்கரில் மாட்டுவார். முதலில் தகரக் கூரையில் மழை. அது நன்றாகப் பிடித்ததும் அதன்மேல் தவளை. கடைசியாக, நின்ற இடத்திலேயே உறுமும் லோரி. மூன்றும் பதமாகச் சேர்ந்தால்தான் கண் மூடும்.

அந்த மழையைக் கேட்டு, பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஓடிவந்து கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளுவார். முதல் மாதம் மட்டும் ஒன்பது தடவை. கிழமையோடு குறித்து வைத்திருக்கிறேன்.

“உங்க மழைய நிறுத்துங்கலா! துணியே காய மாட்டேங்குது!”

“இன்னிக்கு தூறல்தானே வச்சேன், அக்கா” என்பார் அண்ணன், உண்மையான வருத்தத்தோடு.

ஒரு ஞாயிறு, காலை பத்தே காலுக்கு, அந்த ஹேண்ட்போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. என் போனில் வேறொரு மழையைப் போட்டுக் காட்டினேன்.

“இது ஹோட்டல் மழ, தம்பி. தகரச் சத்தமே இல்ல” என்று தள்ளிவிட்டார்.

வேலையில் இரண்டு முறை கண்ணயர்ந்து மாட்டியிருந்தார். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அன்றிரவும் ஷிப்ட்.

நான் ரப்பர் குழாயை இழுத்து வந்து, அவர் அறையின் தகரக் கூரையில் தண்ணீரைப் பீய்ச்சினேன். துணி எடுக்க ஓடிவந்த மல்லிகா அக்கா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“உனக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“மழ சரி, தவளையும் சரி. லோரி எதுக்காம்?”

ஜன்னல் வழியாக அண்ணனே பதில் சொன்னார்: “தோட்டத்துல மழ பேஞ்சா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்க முடியாதுலக்கா. ஆள் ஏத்த வந்த லோரி சும்மா நின்னு உறுமும். அப்பா வேலைக்குப் போகாம திரும்பி வந்து, எம் பக்கத்துல படுத்துக்குவாரு.”

அக்கா துணிகளை உள்ளே போட்டுவிட்டு வந்து, என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினார்.

“மழைய நான் பாத்துக்கிறேன். நீ போயி உன் வேன ஸ்டார்ட் பண்ணு.”

என் பழைய வேன் வாசலில் உறுமியது. தவளைக்குத்தான் ஆள் இல்லை. இருந்தும் பதினொன்று இருபதுக்கு உள்ளிருந்து குறட்டை கேட்டது.

அதன்பிறகும் வெகுநேரம் அக்கா குழாயைக் கீழே வைக்கவில்லை. எனக்கும் வேனை நிறுத்த மனம் வரவில்லை.