சூன்யப் பிரம்மா

"பிரம்மாவுக்கு அடுத்தபடி, ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குகிறவன் நான்தான்!"

இப்படி மார்தட்டும் இனத்துக்குச் சூன்யப் பிரம்மா என்று பெயர். ஊருக்கு ஒருவர் உண்டு. திருவனந்தபுரத்துக்குக் கொஞ்சம் தாராளம். கிழக்கேகோட்டை வக்கீல் வெங்கடசுப்ரமணியன் அதில் அசல் சரக்கு. கோட்டின் மேல் ஜரிகை உத்தரீயம், மூக்கில் தங்கக் கண்ணாடி, கையில் குறிப்புக் காகிதம் மட்டும் கிடையாது. இத்தாலி தேசத்து மறுமலர்ச்சி ஞானிகள், கடவுள் உலகத்தைச் சூன்யத்திலிருந்து படைத்தார் என்றும், இல்லை, சூன்யத்திலிருந்து சூன்யந்தான் வரும் என்றும் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். மனிதப் புத்தியும் கடவுளைப் போலப் படைக்க வல்லது என்று அவர்களில் ஒரு சாரார் சொன்னதைப் படித்த அன்றே, அந்த மனிதர் தாமேதான் என்று வக்கீல் தீர்ப்பெழுதிக்கொண்டார். அந்தக் கருத்தே கடன் சரக்கு என்று யார் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் அவர் பிரசங்கம். விஷயம், சூன்யம். நன்றாய் அமைந்தால் வாசகசாலைத் தலைமை அவருக்கு. சறுக்கினால் எதிர்வீட்டு டாக்டருக்கு. அன்று மத்தியானம் ஊஞ்சலில் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு வரிகூட வரவில்லை.

"வடிவு, தலையில ஒண்ணுமே இல்லைடீ!"

மனைவி வடிவாம்பாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுலேந்துதானே எல்லாம் வரும்னேள்? வரட்டுமே."

"கேலி பண்ணாதே. டாக்டர் சிரிப்பான்."

"ஏன்னா, ஆத்துல ஒண்ணுமில்லேன்னு நான் சொன்னா, நெஜமாவே ஒண்ணுமில்லேன்னா அர்த்தம்? பருப்புத் தண்ணி இருக்கு, புளி இருக்கு, ராத்திரிக்கு ரசம் உண்டுன்னு அர்த்தம். உங்க ஒண்ணுமில்லைல புளிகூட இல்லையோ?"

வக்கீல் சட்டென்று ஊஞ்சலை விட்டு எழுந்தார். உத்தரீயத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் வாசகசாலை அதிர்ந்தது. "சபையோரே! இல்லத்தரசி 'ஒன்றுமில்லை' என்கிறாளே, அந்த ஒன்றுமில்லைக்குள் ஒரு ரசம் ஒளிந்திருக்கிறது! கடவுளின் சூன்யமும் அத்தகையதே!" கைதட்டலில் டாக்டரின் கையும் சேர்ந்துகொண்டது. தலைமை வக்கீலுக்கே என்று அங்கேயே முடிவாயிற்று. காரியதரிசி வேலாயுதன் கண் கலங்கி, பாதி மலையாளத்தில், "சாரே, இதொக்கெ எங்கேருந்து கிட்டுது?" என்றார்.

"சும்மா. சூன்யத்திலிருந்து."

சிரிக்கிறீர்கள். நாளைக்கு ஆபீசில் இந்த ரச வேதாந்தத்தை எடுத்துவிடும்போது வடிவாம்பாள் பெயரைச் சொல்வீர்களா? இல்லை, "ஸார், எனக்கு ஒன்று தோன்றுகிறது" என்று ஆரம்பிப்பீர்களா?

அடுத்த மாதப் பிரசங்கத்துக்கு விஷயம் 'ஆத்மா' என்று வாசகசாலைக் கதவில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. தலைவர் இப்போதெல்லாம் அடுக்களை வாசலில் மணையைப் போட்டுக்கொண்டு கொத்தவரங்காய் ஆய்ந்து கொடுக்கிறார்.

"வடிவு, ஆத்மா ஆத்மாங்கறாளே... நீ என்னடி நெனைக்கறே?"