மெஷினின் முதுகு எந்தப் பக்கம்?

என் வீட்டில் என் பேச்சு ஒரு தடவையாவது செல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எனக்கு அந்த ரோஷம் வந்தது. வரவழைத்தது ஓர் ஏசி மெஷின்.

புதுச்சேரியில் ஒரு லாட்ஜை மூடினார்கள். அங்கிருந்த ஏசியை மலிவாக வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, வில்லியனூர்க் கடைத்தெரு வழியாக வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிவரச் சொன்னேன். எங்கள் தெருவில் முதல் ஏசி. பாத்திரக்கடை தெய்வசிகாமணி என்றால் சும்மாவா?

மெக்கானிக் நடேசன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பாதி மெஷினு உள்ள, பாதி வெளிய இருக்கும் மொதலாளி. வெளிய இருக்கிற முதுகு சூடா ஊதும், தண்ணி சொட்டும். நெழலா இருக்கிற தோட்டத்துப் பக்கம் வெச்சிடலாம்."

தோட்டத்துப் பக்கம் இருப்பது என் அறை. எனக்கும் அதுதான் ஆசை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி உமையாள் வந்துவிட்டாள்.

"ஆமாங்க, தோட்டத்துப் பக்கமே வெய்யிங்க. தெருப் பக்கம் மட்டும் வேணாம்."

"ஏன், தெருப் பக்கம் வெச்சா இன்னா?"

"அந்த ரூம்புலதான அம்மா படுக்கிறாங்க? அவங்க ஒடம்புக்குக் குளிரு ஆவாது. ஒரு நாள் பட்டாலே அடுத்த பஸ்ஸ புடிச்சி ஊருக்குப் பூடுவாங்க."

என் காதில் தேன் பாய்ந்தது.

மாமியார் கோகிலாம்பாள் கரியமாணிக்கத்திலிருந்து பொங்கலுக்கு வந்தவர். பொங்கல் போய்விட்டது. அவர் போகவில்லை. என் தொப்பை, என் குறட்டை, நான் அப்பளம் கடிக்கும் சத்தம், எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. மாப்பிள்ளையிடம் நேரே பேசுவது மரியாதை இல்லையாம். அதனால் எல்லாம் மகள் வழியாக, இரண்டு மடங்காகி என்னிடம் வந்து சேரும். ஊருக்குக் கிளம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. மெஷினுக்கு இருக்கிறதே!

"தெருப் பக்கந்தான்!" என்றேன்.

"வெயிலு நேரா அடிக்குங்க."

"தட்டி கட்டிக்கிறேன்."

"போறவங்க வர்றவங்க தலையில சொட்டும்."

"பக்கெட்டு வெக்கிறேன்."

"அம்மா பூடுவாங்களேங்க!"

"போவட்டுமே! நான் சொன்ன எடம் சொன்ன எடந்தான். என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒரு அங்குலம் நவுத்த மாட்டேன்!"

கடைசி வரியைத் தெருவைப் பார்த்தே முழங்கினேன். எதிர்வீட்டு ஜவுளிக்கடைக் கலீலுல்லா வாசலுக்கே வந்துவிட்டார். உமையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீருக்கு மசிகிற ஆளா நான்? நடேசன் சுவரை உடைத்தார். பொழுது சாய்வதற்குள் மெஷின் ஓடியது. நான் கரியமாணிக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் அறையிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"மாப்ள மவராசனா இருக்கணும்டி. கத்திரி வெயில்ல போர்வை கேக்குது! தங்கச்சி தனக்கொடிய இங்க வரச் சொல்லி ஆளு அனுப்பு."

உமையாளை அடுப்படியில் மடக்கினேன்.

"குளிரு ஆவாதுன்னியே?"

"மார்கழிக் குளிருதான் ஆவாது. இது சித்திரைங்க."

"அப்ப என் கட்டிலயும் அங்கியே போடு."

"மாமியா படுக்கிற ரூம்புல மருமவன் படுக்கிறதா? ஊரே காறித் துப்பும்."

"மெஷின கழட்டித் தோட்டத்துப் பக்கம் வெக்கச் சொல்றேன்!"

"வெய்யிங்களேன். உசுரு இருக்கிற வரைக்கும்னு நீங்க சொன்னத தெருவே கேட்டுச்சி."

முந்தானை இப்போது கண்ணுக்குப் போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

தோல்வியா? எனக்கா? மத்தியானம் கடையை அடைத்துவிட்டு என் அறையில் விறைப்பாகப் போய்ப் படுத்தேன். மெஷின் ஓடினால் எங்கள் தெருக் கரண்டுக்கு மூச்சு வாங்குகிறது. என் ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றியது. எழுந்தேன். கட்டிலைத் தெருவுக்குத் தூக்கி வந்து, மெஷினுக்கு நேர் பின்னால் தட்டி நிழலில் போட்டுக் கால்மேல் கால் போட்டுப் படுத்தேன். அனல் அடித்தது. அடிக்கட்டும். என் மெஷின், நான் வைத்த இடம்!

கலீலுல்லா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்சாரம் அழுதுகூட அசையலியேண்ணே! நீங்கதான் ஆம்பள!"

நான் மீசையைத் தடவிக்கொண்டிருக்கும்போது முன்னறை ஜன்னல் திறந்தது. உள்ளிருந்து ஜில்லென்று ஒரு வாடை வந்தது. பின்னாலேயே உமையாளின் தலை.

"ஏங்க, கட்டில கொஞ்சம் அந்தாண்ட இழுத்துப் போடுங்க. நீங்க மெஷினுக்குக் காத்த மறைக்கிறீங்களாம், அம்மாவுக்குக் குளிரு பத்தலியாம்."

இழுத்துப் போட்டேன்.