பெரிய பூனையின் நகம்

வெட்கம், மானம், சூடு, சுரணை எதுவுமே இல்லாமல் ஒரு மனிதன் அறுபது வயதுவரை ஜாலியாக வாழலாம் என்று திண்டிவனத்துக்கே காட்டியவர் புலிநகம். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. விற்றது புலி நகம், அதனால் ஆளும் புலிநகம்.

"எங்க தாத்தா ஒலக்கூராண்ட மல்லாட்டைக் கொல்லையில பூந்த புலிய ஒத்தை ஆளா அடிச்சாரு தம்பி" என்பார். வேர்க்கடலைக் கொல்லையில் செத்த அந்த ஒரே புலியின் நகம்தான் ஊரில் பாதிக் குழந்தைகளின் அரைஞாணில் தொங்கியது. அப்படியானால் அந்தப் புலிக்கு மரவட்டை மாதிரி கால் இருந்திருக்க வேண்டும். எல்லாம் எருமைக் கொம்பு. என் பிரவுசிங் சென்டருக்குப் பின்னால் ஜெனரேட்டர் மறைவில் குந்திக்கொண்டு அரத்தால் ராவுவார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "பாலிஷ் போடறேன்" என்றார்.

இந்தக் கொம்பில் ஒன்று என் வீட்டுக்குள்ளும் வந்தது. ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுத என் மகளுக்கு அவரே கட்டிவிட்டார். அன்றிலிருந்து குழந்தை தூங்கியது. பல் முளைத்து முடிந்ததுதான் காரணம், அந்தாள் டுபாக்கூர் என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் மனைவி செல்வி கேட்டால்தானே.

அப்புறம் ஊரே பழைய சோபாவையும் பைக்கையும் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தது. இவருக்கும் ஆசை வந்துவிட்டது. விளம்பரம் போடச் சொல்லி என் உயிரை எடுத்தார். விதிகளைப் படித்துக் காட்டினேன்: தந்தம், தோல், பல், நகம் எதையும் விற்கக் கூடாது, மீறினால் வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்.

"வரட்டி வேணா போடலாம் பெரியவரே. அதுக்குத் தடை இல்ல."

"நானு இன்னா சாணி விக்கிற ஆளா? புலிய அடிச்சது எங்க தாத்தா. ரூல்ஸ எவனோ ஏசி ரூம்ல குந்திக்கினு போட்டுகிறான்."

தானே போனில் போட்டார். தூக்கிவிட்டார்கள். மறுபடியும் போட்டார், மறுபடியும் தூக்கினார்கள். அசருகிற ஆளா? அடுத்த தடவை குழந்தைகள் பொருட்கள் பகுதிக்குப் போய், "பெரிய பூனையின் நகம். காட்டில் வளர்ந்தது. உடம்பில் கோடு உண்டு" என்று போட்டார். விலாசத்துக்கு என் சென்டரைக் கொடுத்திருந்தார், படுபாவி.

வாங்க வந்த இரண்டு பேரும் வனத்துறை. நகத்தைக் கையில் வாங்கியதும் அடையாள அட்டையை நீட்டினார்கள்.

"யோவ், ஒரிஜினல்னா வருஷக்கணக்குல உள்ள இருக்கணும். டூப்புனா இப்பவே சொல்லிடு" என்றார் பெரிய அதிகாரி.

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் தப்பிக்கலாம். அந்த நேரம் பார்த்து எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு செல்வி வந்து நின்றாள். நடப்பது புரிந்ததும் குழந்தையின் அரைஞாணை முந்தானையால் மூடினாள். புலிநகம் அதைப் பார்த்தார்.

"ஒரிஜினல்தான் சார். எங்க தாத்தா அடிச்சது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய கிறுக்கனா? "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். புலிநகம் முறைத்த முறையில் வாயை மூடிக்கொண்டேன். அவரை ஜீப்புக்கு இழுத்துப் போனார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு புலிநகம் அதிகாரியிடம் குனிந்தார். "எருமைக் கொம்பு சார். அரம் பின்னாடிதான் கீது, காட்டறேன். அந்தப் பொண்ணு காதுல மட்டும் உழ வேணாம். கொழந்த நல்லா தூங்கிக்கினு கீது. டூப்புனு தெரிஞ்சா பெத்தவளுக்கு மனசுல தெம்பு பூடும்."

அதிகாரி அரத்தையும் தூளையும் பார்த்தார். இருந்த கொம்பையெல்லாம் அள்ளிக்கொண்டார். விளம்பரத்தை அழிக்க வைத்தார். "டூப்பா இருந்தாலும் புலி நகம்னு ஏமாத்தறதே குத்தம், இன்னொரு வாட்டி பார்த்தேன், தொலைச்சிடுவேன்" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அத்தனையையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டவர், சென்டருக்குள் வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"தாத்தா பேரச் சொன்னேன்மா. அப்படியே வுட்டுட்டானுங்க" என்றார் செல்வியிடம். மனுஷனா அது?

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்த செல்வி அந்த நகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இது நெஜமாலுமே புலியோடதுதானா?"

"ஒலக்கூர் புலி" என்றேன். "அவரு தாத்தா அடிச்சது."