எலும்புக்கு முன் ஒட்டிய சந்தனம்

நான் என்ன படிக்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

பல் போன இடத்தில், பீங்கானில் செய்த வேரைத் தாடை எலும்புக்குள் திருகி வைப்பார்கள். பீங்கான் வழவழவென்று இருந்தால் எலும்பு அதைக் கண்டுகொள்ளாது. சொரசொரப்பாக இருந்தால் பிடித்துக்கொண்டு வளரும். பொத்தான் அளவுப் பீங்கான் வில்லைகளை மணல் வீசியும் அமிலத்தில் ஊறவைத்தும் சொரசொரப்பாக்குவதுதான் என் ஆராய்ச்சி. (அதாவது, வாங்கும்போது நன்றாக இருந்த பொருளைக் கெடுப்பது.) அதில் எலும்பு செல்கள் ஒட்டுவதைக் காட்டினால்தான் டாக்டர் பட்டம்.

அப்பாவுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை. ஆயுத பூஜையன்று தையல் மெஷின், கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் இருக்கும். வருடா வருடம் அப்பா என்னைப் பார்த்து, "ஒனக்கு ஆயுதம் என்னலே?" என்பார். அந்த வருடம் என்னிடம் பதில் இருந்தது. மறுநாள் செம்பூர் ஆய்வகத்தில் கொடுக்கவேண்டிய வில்லைகளை டப்பாவோடு கொண்டுவந்து கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெறுங்கை படக்கூடாது என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டுப் பொரி வாங்கப் போனேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்பதால் நானும் அதைத் தொடவில்லை.

காலையில் செம்பூரில் என் கைடு மேடம் (மராத்திக்காரர், சிரித்து நான் பார்த்ததில்லை) கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். ஒவ்வொரு வில்லையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மூடி வச்சா சாமி எப்படிய்யா பாக்கும்? நீ சொன்ன மாதிரி கை படல. ஸ்பூன்லதான் வச்சேன்" என்றாள்.

கழுவினோம். அமிலத்தில் போட்டோம். சந்தனம் போகவில்லை. மேடம் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். நான் தோண்டிய பள்ளம் ஒன்றுவிடாமல் சந்தனம் புகுந்து உட்கார்ந்திருந்தது. "சர்ஃபேஸ் தோ அச்சா பனா ஹை" என்று, மேற்பரப்பு நன்றாகவே வந்திருப்பதாகப் பாராட்டிவிட்டு, மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார். முதல் பாராட்டே அப்படி வந்ததில் அழுகைதான் வந்தது. அடுத்த மழைக்காலம் வரை மறுபடியும் பீங்கானைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டம் வாங்கிவிட்டேன். ஆனாலும் இன்றுவரை எங்கள் வீட்டில் செருப்பு பிய்ந்தாலும், பேசிவைத்த சம்பந்தம் கலைந்தாலும், "சந்தனம் வச்சுப் பாருங்க" என்பார்கள்.

போன வருடம் அப்பாவுக்கே பீங்கான் வேர் வைத்தோம். எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எய்யா, சந்தனம் வைக்காமலா?"