கொத்தவரங்காய்த் தண்ணீர் விவகாரத்தில் என் பெயரை நீக்கக் கோரி

சேக்காடு, ஆவடி.

என் அக்காள் பெற்ற அறிவுக்கொழுந்து நிஷாவுக்கு, எட்டுத் திக்கும் புகழ் மணக்கும் உன் தாய்மாமன் கன்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை நாகவல்லியும் நலம். அங்கு நீ நலமா என்பதைத் தக்க ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.

வாட்ஸ்அப்பில் வரும் புளுகையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிற ஒரு விக்கியை நீயும் உன் சிநேகிதிகள் மூவரும் நடத்துவதாகவும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம், சம்பளம் மட்டும் கிடையாது என்றும் சொன்னாய். அன்றைக்கே எனக்குச் சந்தேகம். சம்பளமில்லாமல் அடுத்தவர் தப்பைத் திருத்துகிறவர் ஒன்று மாமியாராக இருக்கணும், இல்லாவிட்டால் உளவாளியாக இருக்கணும். ஆனாலும் சேர்ந்தேன், உன் அத்தையின் தம்பி எத்திராஜுக்காக. பூந்தமல்லியில் வெல்டிங் பட்டறை நடத்தும் அந்த மகான், கொத்தவரங்காய் ஊறிய தண்ணியைக் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்ற செய்தியை நம்பி, பன்னிரண்டு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டான். காலில் தீப்பொறி பட்ட புண் ஆறவேயில்லை. உன் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. நான் எடுத்துச் சொன்னால், "நீ சொன்னா நான் ஏன் நம்பணும் மாமா? நீ என்னிக்கு உண்மை பேசிக்கீறே?" என்கிறான்.

சரி, விக்கியில் வந்தால் நம்புவான் என்று உன் விதிகளைப் படித்தேன். ஒரு செய்தியை எடு, எங்கிருந்து கிளம்பியது என்று தேடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆதாரம் கொடு, உரையாடல் பக்கத்தில் எழுது, இன்னொரு தன்னார்வலர் சரிபார்ப்பார். சந்திரனுக்குப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு சோதனை கிடையாது. எத்திராஜுக்கு அனுப்பியவர் கண்டக்டர் துலுக்கானம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் முந்நூறு பஸ் ஏறி இறங்கி அவரைப் பிடிச்சேன். அவருக்கு அனுப்புனது யார்னு பாத்தா, எங்க எதிர் ஊட்டு பூங்காவனம்! அதோட நிறுத்திக்கினு, டாக்டரம்மா சொன்னது ஒண்ணு, மருத்துவப் புத்தகம் ஒண்ணுன்னு ரெண்டு ஆதாரமும் போட்டு எழுதிட்டேன். உடனே சரிபாக்குறேன்னு சரண்னு ஒருத்தன் வந்து, "பூங்காவனத்துக்கு அனுப்பியவர் யார்?"னு கேக்குறான். அவனுக்கு இன்னாத்துக்கு அது? யாரும்மா அவன், எந்த நாட்டு ஆளு? நான் செல்போனை அணைச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் பாத்தா பூங்காவனமே தன்னார்வலரா சேந்துகினு, தன் செல்போனைப் படம் புடிச்சு ஏத்திக்கீது: 'அனுப்பியவர்: கன்னியப்பன் அண்ணன்.' அதுல 'நாற்பது நாட்டு டாக்டர்கள் மயங்கி விழுந்தனர்'னு கீற வரி என்னுதுதான், ஒத்துக்கிறேன். வந்த செய்தி உப்புசப்பில்லாம இருந்துச்சு, கொஞ்சம் தாளிச்சு உட்டேன். அது ஒரு குத்தமா?

ஆகவே, என் பெயரை உடனே நீக்கவும். பூங்காவனத்தையும் நீக்கவும். சரணை விசாரிக்கவும். முடிந்தால் விக்கியையே மூடவும். நான் ராஜினாமா செய்துவிட்டேன்.

உனக்கு என் ஆசிகள் ஆயிரம். அக்காளுக்கு என் வணக்கம். இவற்றைச் சரிபார்க்கத் தேவையில்லை.

மனம் நொந்த மாமன்,
கன்னியப்பன்

பி.கு.: இப்போதுதான் எத்திராஜ் போன் செய்தான். பூங்காவனம் போட்ட படத்தைப் பார்த்தானாம். "இத்தக் கெளப்புனது நீயா மாமா? மொதல்லயே சொல்லியிருந்தா கையாலகூடத் தொட்டிருக்க மாட்டேனே!" என்றவன், மாத்திரையை முழுங்கிவிட்டுத்தான் போனை வைத்தான். என் பெயரை எடுக்காதே, தாயே. தலைப்பிலேயே போடு, கொட்டை எழுத்தில். அவன் பட்டறையில் இன்னும் மூணு பேர் அந்தத் தண்ணியைக் குடிக்கிறார்களாம்.