மிடில் கிளாஸ் அண்ணனின் பெயர்ப்பலகை

மதுரையிலேயே இலவசத்தைக் கண்டு பயந்து ஓடும் ஒரே மனிதர் எங்கள் தெருக்காரர்தான். "நாங்க மிடில் கிளாஸ்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதால் தெருவுக்கே அவர் மிடில் கிளாஸ் அண்ணன். காளவாசல் பெயின்ட் கடையில் விற்பனையாளர். சம்பளம் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். மிடில் கிளாஸ் மட்டும் மாதக் கடைசி வரை தாங்கும்.

ரேஷன் அரிசி வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று அரிசி கார்டைச் சர்க்கரை கார்டாக மாற்றினார். பிறகு கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்கிய அரிசியில் எங்கள் வீட்டு ரேஷன் அரிசியின் அதே வாசனை அடித்தது. சொன்னேன்.

"இது காசு குடுத்து வாங்குன வாசனை சார்" என்றார்.

வாசலில் தவணைக்கு வாங்கிய பழைய கார் ஒன்று நிற்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கழுவுவார். ஏழரைக்கு உறை போடுவார். எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போவார். பெட்ரோல் போட்டால் தவணை கட்ட முடியாது. என் டைரிக் குறிப்புப்படி அந்தக் கார் ஒரு வருடத்தில் தெருமுனையைத் தாண்டியது இரண்டே முறை. அதில் ஒரு முறை தள்ளிக்கொண்டு போனோம்.

ஒருநாள் அலங்காநல்லூர் டவுன் பஸ்ஸில் அவரும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"ரெண்டு டிக்கெட்."

"அக்காவுக்கு ஃப்ரீண்ணே" என்றார் கண்டக்டர்.

"நாங்க மிடில் கிளாஸ்ப்பா. காச வாங்கு."

"வாங்குனா என் வேலை போயிரும். அம்புட்டு ஆசையா இருந்தா உங்க பேருக்கே ரெண்டு எடுத்துக்கங்க."

எடுத்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வீம்பெல்லாம் கடைசியில் மகளின் படிப்பில் வந்து முட்டியது. கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்ட வழியில்லை. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் சலுகை உண்டு என்றேன்.

"ஏழைங்களுக்கான சலுகையா சார்?"

"வருமானமே கேக்க மாட்டாங்கண்ணே."

முகம் மலர்ந்தது.

"வீட்ல யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது. காரணம் அவர் வீட்டு வாசலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையில், பெயருக்குப் பின்னால், பெயரைவிடப் பெரிய எழுத்தில் பி.காம்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் விண்ணப்பித்துவிட்டாள். விசாரிக்க வி.ஏ.ஓ. வந்தபோது காலை பத்து நாற்பது. தெருவில் ஒன்பது பேர் நின்றிருந்தோம். வந்தவர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"பி.காம்னு போட்டிருக்கு. அப்பா பட்டதாரின்னா பொண்ணுக்கு எப்படிய்யா சர்டிபிகேட் குடுக்கறது?"

மகள் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் எங்கள் ஒன்பது பேரையும் ஒரு முறை பார்த்தார்.

"முடிக்கல சார். மூணு பேப்பர் அரியர்" என்றார், தெருமுனைக்கே கேட்கும்படி.

"எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்ப மொதல்ல போர்ட அழிங்க" என்றார் வி.ஏ.ஓ.

என் வீட்டு ஏணியை எடுத்துக்கொடுத்தேன். ஏறிச் சுரண்டினார். வெயிலுக்கும் மழைக்கும் அசையாது என்று சொல்லி எங்கள் எல்லோர் தலையிலும் அவர் கட்டிய அதே எனாமல். சொன்னது சத்தியம்தான். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

"டிகிரி எம்புட்டு ஸ்ட்ராங்கு பாரு மாப்ள!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தோம். அண்ணன் திரும்பவில்லை. கடைசிப் புள்ளி வரை சுரண்டிவிட்டுத்தான் இறங்கினார்.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு. கார் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. பலகையில் சுரண்டிய இடம் அசிங்கமாகத் தெரிகிறதே, ஒரு கோட்டிங் அடித்துவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும் சார். கீழ அவ பேரு எழுதும்போது சேத்து அடிச்சுக்குவோம்."

அதுவரை அந்த ஏணியை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதாக இல்லை.