எண்ணெய்க்கு ஒரு மரண அறிவித்தல்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு தமிழன் இறந்துவிட்டான் என்று டொக்டர் சொன்னால் மட்டும் போதாது. 'அறிவித்தல் அண்ணை' என்று நாங்கள் கூப்பிடுகிறவர் அதை எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் சனம் அழத் தொடங்கும்.

பகலில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவது அவருடைய வேலை. மரண அறிவித்தல் எழுதுவது அவர் செய்கிற தொண்டு. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. "பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும்" என்று அவர் தொடங்கினால், ஊர், தீவு, பிள்ளைகள் இருக்கும் நாடுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, "செத்தாலும் இப்படிச் சாகோணும்" என்று பெருமூச்சு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கஷ்டம் என்னவென்றால், அவர் தகவல்களை முன்கூட்டியே சேர்ப்பவர். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்.

"ஐயா, நீங்கள் பிறந்தது வேலணை கிழக்கோ, மேற்கோ?"

"கிழக்கு. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான். பிறகு தேவைப்படும்."

அந்த ஐயாவுக்கு அதற்குப் பிறகு பாயாசம் இறங்கவில்லை.

எனக்கும் மனைவி சுகந்திக்கும் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகாரக் கடை. ரோல்ஸ், பற்றிஸ், உழுந்து வடை. பின்னேரம் நாலு மணிக்கு, படி கழுவிய களையோடு அண்ணை வந்து இரண்டு வடையும் பால் விடாத பிளேன்ரீயும் எடுப்பார். சுகந்தியின் வடை இல்லாமல் அவருக்குப் பொழுது சாயாது.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பழையதைக் கொட்டுவதில்லை, குறைகிற அளவுக்குப் புதிதை ஊற்றுவேன். விற்காததை வீணாக்குவதில்லை என்பது இரண்டாவது கொள்கை. மிஞ்சிய ரோல்ஸ் எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போயின. டொக்டர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்று சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுகந்தி அழுதபடி அண்ணையிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றிலிருந்து அண்ணை வடையை உடனே கடிப்பதில்லை. ஒரு தாளில் வைத்து அழுத்துவார். தாளை வெளிச்சத்தில் பிடித்து, சாதகம் பார்ப்பவர் மாதிரிப் பார்ப்பார்.

"தம்பி, இந்த எண்ணெய் எப்ப பிறந்தது?"

"இண்டைக்குக் காலமைதான் புதுசு விட்டனான்."

"விட்டது புதுசு. அது விழுந்தது எதுக்குள்ளை?"

"பழசோடை கலந்தால் பாதி புதுசுதானே அண்ணை."

"கிழவனுக்குப் புதுச் சேட்டுப் போட்டால் பாதி மாப்பிளையோ?"

கடையில் நின்ற சனம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சட்டியைப் பாருங்கோ" என்று அவர் விடவில்லை. "கறுத்துப்போச்சு. நுரை அடங்குதில்லை. சூடேற முதலே புகையுது. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் நெஞ்சுக்குக் கூடாது தம்பி."

"அப்ப நீங்கள் ஏன் சாப்பிடுறியள்?"

"அதுதான் எனக்கும் கவலை" என்றபடி இரண்டாவது வடையை எடுத்தார்.

என்னிடம் மட்டும் இந்த வேலை இல்லை. இந்த ஊரில் கடலைமாவை வில்லைகளாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்பார்கள். அந்த வண்டிக்காரர் ஒருவரிடமும் எண்ணெயின் பிறந்த திகதி கேட்டு, இரண்டு தெருவுக்குக் கரண்டியோடு துரத்தப்பட்டவர் அண்ணை. அன்றைக்கும் நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க, விடியவே பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போய் வரிசையில் நின்றேன். போனில் சார்ஜ் இல்லை. மத்தியானம் வியா மக்வேதா தெரு வழியாகத் திரும்பும்போது, வழக்கமாக எனக்குக் கோப்பி தருகிறவர் என்னைக் கண்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் எப்போது புனிதனானேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் அயல் முழுக்க நின்றது. மீன்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். பின்பக்கத்தால் நுழைந்து பார்த்தால், ஒலிவ் விற்கும் சின்யோரா சுகந்தியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். சுகந்தியும் அழுதுகொண்டிருந்தாள். மேசையில் பெரிய தட்டு நிறையப் பாஸ்தா. இங்கும் எங்கள் ஊர் மாதிரித்தான். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சாப்பாடு கொண்டுவரும்.

"ஆர் செத்தது?" என்று சுகந்தியின் காதுக்குள் கேட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ. சின்யோராவின்ர மனிசன் செத்துப்போட்டார் போலை. நான் நிலம் கழுவிக்கொண்டு நிக்க வந்து கட்டிப்பிடிச்சு அழுதவா. பாவமாக் கிடந்தது, நானும் அழுதனான்."

சின்யோரா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் சந்தைப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும், அதே கன்னத்தில் ஒன்று வைத்தார்.

மீன்காரர் என்னை வெளியே இழுத்துப்போய் ஷட்டரைக் காட்டினார். கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று. இந்த ஊரிலும் சாவை இப்படித்தான் சுவரில் ஒட்டுவார்கள். தமிழ் தெரியாத சனம் கறுப்புக் கரையைக் கண்டது. கடையில் என்னைக் காணவில்லை. முடிவு கட்டிவிட்டது. பின்வாசலால் வந்த சுகந்தி அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை.

நான் படித்தேன்.

"மரண அறிவித்தல். சூரியகாந்தித் தோட்டத்தைப் பிறப்பிடமாகவும், பல்லரோ பலகாரக் கடைச் சட்டியை வதிவிடமாகவும் கொண்ட எண்ணெய் அவர்கள், நாட்கணக்காகக் கொதித்து, கறுத்து, நுரைத்துக் காலமானார். அன்னார், காலஞ்சென்ற போன கிழமை எண்ணெயின் ஏக வாரிசும், ரோல்ஸ், பற்றிஸ், வடை ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். பூதவுடல் இன்னமும் சட்டியிலேயே வைக்கப்பட்டுள்ளது. தகவல்: வாடிக்கையாளர்."

செத்தது எண்ணெய் என்று சின்யோராவுக்கு இத்தாலியனில் விளக்கினேன். அவர் உள்ளே போய்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். இது செத்துக் கனகாலம் என்று சொல்லி, திரும்பவும் சிலுவை போட்டுக்கொண்டார். தெரு முழுக்கச் சிரித்தது. பாஸ்தாவை மட்டும் அவர் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

எழுதியது யார் என்று கேட்கத் தேவையில்லை. போனைச் சார்ஜில் போட்டதும் அண்ணைக்கு எடுத்தேன். "இனி என்ர கடைப் படி மிதிக்கக் கூடாது."

"சரி தம்பி" என்றார்.

சொன்ன சொல் கேட்டு வராமலே இருந்துவிட்டார். திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த நாளும் வருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழைய எண்ணெயை வெட்கத்தோடு வாளியில் ஊற்றிச் சேகரிக்கிற இடத்தில் கொடுத்தேன். புது எண்ணெய் பொன்னிறமாகக் கிடந்தது. நாலு மணியானால் தாளை வெளிச்சத்தில் பிடிக்க ஆளில்லை. மூன்றாம் நாள்தான் சுகந்தி டொக்டர் கதையை அவரிடம் சொன்னதை ஒப்புக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது எண்ணெயில் சுட்ட இரண்டு வடையோடு, ஒரேத்தோப் பக்கம் இருக்கிற அவருடைய அறைக்குப் போனேன். வடையைத் தாளில் அழுத்தினார். ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தார். இரண்டையும் சாப்பிட்டு முடித்தார்.

"ஏன் அண்ணை, என்ர பிழைப்பைக் கெடுக்கப் பாத்தியளே?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்த வருசம் நான் எழுதின கனபேர் உங்கட வயசுக்காரர், தம்பி. எல்லாம் நெஞ்சு. உங்கட பேரை எழுத எனக்குக் கை வராது. அதுதான் எண்ணெயின்ர பேரை எழுதினனான்."

நாளைக்கு நாலு மணிக்குக் கடைக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அண்ணை வந்தார், இன்றைக்கும் வருகிறார். நான் அவருக்கு முன்னால் செத்துவைத்து அந்த மனிசனைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பதற்காகவே, இப்போதெல்லாம் ரோல்ஸ் மிஞ்சினாலும் நான் தொடுவதில்லை.